தேன்கூடைகளில் கறுப்புத் துணி

நெதர் ஹோல்ட்
1907, மே 6

அன்புள்ள தம்பி ரூபனுக்கு,

உன் அக்கா கெசியா எழுதுகிறேன். நீ வீட்டைவிட்டுப் போய் இரண்டு மாதமாகிறது. வந்த கடிதம் ஒன்றே ஒன்று, அதிலும் பாதி பிரிஸ்டல் மழையைப் பற்றி. மழையைப் பார்க்க எனக்கு இங்கே ஜன்னல் இருக்கிறதடா. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, எங்கே படுக்கிறாய், துணி யார் துவைத்துத் தருகிறார்கள், அதை எழுது.

நீ போனதிலிருந்து வீடு வீடாக இல்லை. அண்ணன் விடிந்ததும் நம் சக்கரப் பட்டறைக்குள் போனால் விளக்கு வைக்கும்போதுதான் வெளியே வருகிறார். மரம் அறுக்கும் குழிக்குள் நின்று ரம்பம் இழுக்க உன்னை விட்டால் ஆளில்லை. வாங்கிப் போட்ட எல்ம் மரமெல்லாம் பட்டையோடு அப்படியே கிடக்கிறது. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள், "சின்னவன் எப்போ வர்றான்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அவரிடம் கேட்க எவனுக்குத் தைரியம் இருக்கிறது?

நடந்ததைப் பற்றி ஒருதரம் சொல்லிவிடுகிறேன், பிறகு அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். சுண்ணாம்பு மேட்டு இறக்கத்தில் நம் பட்டறைச் சக்கரத்தின் ஆரக்கால்கள் கழன்று வண்டி கவிழ்ந்ததும், ஜோப் பெர்ரிஸ் அதன் அடியில் சிக்கிச் செத்ததும் உண்மை. அந்தச் சக்கரத்தில் காயாத மரத்தை வைத்தது நீயா அண்ணனா என்று எனக்குத் தெரியாது. உங்கள் இருவருக்குமே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் சாராயக்கடையில் ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது, "பச்சை மரத்தை வெச்சு அடிச்சது எங்கண்ணன்தான், ஜோப்பைக் கொன்னதும் அவன்தான்" என்று நீ சொல்லியிருக்கக் கூடாது. "இந்த வாசப்படியை இனி மிதிச்சேன்னா உன்னைப் பொணமாத்தான் தூக்கிட்டுப் போவாங்க" என்று அவரும் கத்தியிருக்கக் கூடாது. அறைந்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கொல்லர் மகள் லெட்டி நேற்று முட்டை வாங்கும் சாக்கில் வந்து ஒரு மணி நேரம் நின்றாள். உன் பேரைச் சொல்லாமல் உன்னைப் பற்றியே பேசினாள். செப்டம்பர் கடைசியில், மிக்கேல் திருநாளில் கல்யாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். "மாப்பிள்ளை வெளியூர்ல ஒளிஞ்சுக்கிட்டிருக்க, என் மக பேரை மட்டும் கோயில்ல கூவ விடமாட்டேன்" என்கிறாராம் அவள் அப்பா. நீ வந்தே ஆக வேண்டும். அண்ணனுக்கு ஒரு வரி எழுதேன். கை வலித்துவிடாது.

உன் அக்கா,
கெசியா

பிரிஸ்டல்
மே 14

அக்கா,

சாப்பிடுகிறேன். வாடகை வீட்டுக்காரி அவித்த ஆட்டிறைச்சியைத் தவிர வேறு எதுவும் தெரியாதவள். துணியை நானே துவைக்கிறேன், சிரிக்காதே.

இங்கே வண்டித் தொழிற்சாலையில் ஒருத்தன் நாள் முழுக்கச் சக்கரக் குடம் கடைகிறான், ஒருத்தன் ஆரக்கால் செதுக்குகிறான், இன்னொருத்தன் விளிம்பு வட்டையை அறுக்கிறான். முழுச் சக்கரம் ஒன்றைத் தனியாகச் செய்து நிறுத்த இந்தக் கூட்டத்தில் எவனுக்கும் தெரியாது. என்னைப் பார்த்து, "நாட்டுப்புறத்துக்காரா, உங்க ஊர்ச் சக்கரமெல்லாம் உருளுமா?" என்று கேட்டான் ஒருவன். ஜோப் பெர்ரிஸ் ஞாபகம் வந்து, உளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

அண்ணனுக்கு நான் எழுத மாட்டேன். அந்தக் குவியலிலிருந்து மரம் எடுத்தவன் அவன். காய்ந்துவிட்டது என்று தட்டிப் பார்த்துச் சொன்னவனும் அவன். ஊர் முன்னால் என்னை அறைந்தவனும் அவன்தான். நான் எதற்கு முதலில் எழுத வேண்டும்? என்னைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டானா, அதைச் சொல்.

லெட்டியிடம் சொல். செப்டம்பர் ஏழாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். மறுநாள் ஓலை வாசிக்கும்போது முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். என் அப்பா வீட்டு வாசப்படியை நான் மிதிப்பேன். பிணமாகத் தூக்குகிறவன் தூக்கிப் பார்க்கட்டும்.

ரூபன்

நெதர் ஹோல்ட்
ஜூன் 20

அன்புள்ள தம்பி,

முதலில் ஒன்று. அண்ணனை அவன் இவன் என்று எழுதாதே. உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனிதர்.

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாளாகத் தவிக்கிறேன். எழுதாமலிருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்துக்குப் போனேன். தேனீக்கள் குடியிருக்கும் நம் தேன்கூடைகள் ஆறிலும் கறுப்புத் துணி கட்டியிருந்தது. காற்றில் வந்து சிக்கியது இல்லை, ஒவ்வொன்றிலும் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. அப்பா செத்த அன்று அண்ணன் வாசல் சாவியை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு கூடையையும் மும்முறை தட்டி, "உங்க எசமான் போயிட்டார், இனி நான்தான் எசமான், எங்களை விட்டுப் போயிடாதீங்க" என்று சொல்லிக் கறுப்புத் துணி கட்டினாரே, அதே மாதிரி. நீ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டு நின்றாய்.

நம் வீட்டில் யார் செத்தார்கள், ரூபன்?

ஓடிப்போய்ச் சாவியைப் பார்த்தேன். எப்போதும் மாட்டும் ஆணியில் இல்லை, ஜன்னல் விளிம்பில் கிடந்தது. அதில் தேன்மெழுகு ஒட்டியிருந்தது. கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. இந்த வீட்டில் படுப்பவர்கள் நானும் அவரும்தான். நான் கட்டவில்லை.

கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "கூடையில துணி கட்டினது யாருண்ணா?" என்றேன். "கட்டினது கட்டினதாவே இருக்கட்டும். அவுக்காதே" என்றார். அவ்வளவுதான்.

தேனீயிடம் பொய் சொல்கிற மனிதன் நம் ஊரில் எவனும் இல்லை. நடக்காத சாவைச் சொன்னால் அந்தச் சாவு வந்தே தீரும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்படியிருக்க, நிதானமுள்ள மனிதர் ஒருவர் விடியற்காலையில் எழுந்து போய் ஆறு கூடையையும் தட்டி யார் சாவைச் சொன்னார்? உடனே பதில் எழுது.

கெசியா

பிரிஸ்டல்
ஜூன் 27

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் சிரித்தேன். உடன் தங்கியிருப்பவனுக்குப் படித்தும் காட்டினேன். அவன் லண்டன்காரன். "பூச்சிகிட்ட போய் சாவு சொல்வீங்களா? அப்போ கல்யாணத்தை யாரு, கோழிகிட்டயா சொல்வீங்க?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவன் தூங்கியதும் கடிதத்தை எடுத்து மறுபடி மூன்று தரம் படித்தேன்.

நீ சொல்லத் துணியாததை நான் சொல்கிறேன். நீ கட்டவில்லை, உன்னைக் கொல்ல அண்ணனுக்குக் காரணமும் இல்லை. வீட்டில் மிச்சம் நான்தான். வாசப்படியை மிதித்தால் பிணமாக்குவேன் என்றான், நான் மிதிப்பேன் என்று நாள் குறித்து எழுதினேன். நீ அதை அவனிடம் சொல்லியிருப்பாய். சொன்னாய்தானே? அப்புறம் என்ன, அவன் மனதில் நான் செத்தாகிவிட்டது. அவன் எப்போதும் அப்படித்தான். மரத்தில் கோடு கிழித்துவிட்டால் ரம்பம் அதைவிட்டு ஒரு மயிரளவு விலகாது.

துணியை அவிழ்க்காதே. அவிழ்த்தால் உன் மேல் பாய்வான். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இரு, பார்க்கிறதையெல்லாம் எழுது.

ரூபன்

நெதர் ஹோல்ட்
ஆகஸ்ட் 19

தம்பி,

நீ வராதே. லெட்டிக்கு நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அவளை அங்கே அழைத்துக்கொண்டு எந்தக் கோயிலிலாவது கட்டிக்கொள்.

பார்க்கிறதை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். அண்ணன் என்னோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார். ரொட்டியைத் தள்ளி வைக்கிறார். பாலை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு பட்டறைக்குள் போய்விடுகிறார். படுக்கையும் பட்டறைப் பரண் மேல்தான். நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறவர் மாதிரி அடித்தொண்டையில். மனதுக்குள் இவ்வளவு ஆத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இளைக்காமல் என்ன செய்வார்? சட்டை தொங்குகிறது.

நேற்று அவர் கோயில் வாயிற்கதவுக்கு அளவெடுக்கப் போயிருந்த நேரத்தில் பட்டறைக்குள் நுழைந்தேன். பின்சுவரோரம் சாக்கு போட்டு மூடி ஒன்று இருந்தது. தூக்கிப் பார்த்தேன். சவப்பெட்டி. எல்ம் பலகை, இழைத்து வழுவழுப்பாக, மூடிகூடப் பொருத்தியாகிவிட்டது. ஊரில் யாரும் சாகவில்லை. படுத்த படுக்கையாகவும் யாருமில்லை. ஊருக்குச் சவப்பெட்டி நாம்தான் செய்கிறோம் என்றாலும் முன்கூட்டியே செய்து வைக்கிற பழக்கம் நம் அப்பா காலத்திலும் இல்லை, ஆள் போன பிறகுதான் அளவெடுப்போம். நான் அதன் பக்கத்தில் தரையில் படுத்துப் பார்த்தேன். என் தலைக்கு மேலே இன்னும் ஒரு முழம் இருக்கிறது. அந்த நீளம் நம் வீட்டு ஆண்களுக்குத்தான் வேண்டும்.

எழுந்து திரும்பினால் வாசலில் நிற்கிறார்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. உள்ளே வந்து சாக்கை மறுபடி இழுத்து மூடினார். பிறகு, "எந்த வழியா வருவான்?" என்றார்.

"யாருண்ணா?"

"சின்னவன். வண்டியில வருவானா, இல்ல ஸ்டேஷன்ல இறங்கி மேட்டு மேல நடந்து வருவானா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"நடந்துதான் வருவான்" என்றார், தனக்குத்தானே. "மேட்டு வேலி கேட்டைத் தாண்டித்தானே வரணும். ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி அவனைத் தனியா பிடிக்கணும்."

கடவுள் சாட்சியாக அவர் சொன்ன வார்த்தை இதுதான், நான் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. பாதிரியாரிடம் சொல்லலாம் என்று கோயில் வேலி வரை போனேன். கூடப் பிறந்தவரைப் பற்றி என்ன என்று சொல்வது? திரும்பி வந்துவிட்டேன். உன்னை ஒன்றே ஒன்று கேட்கிறேன். வராதே.

கெசியா

பிரிஸ்டல்
ஆகஸ்ட் 26

அக்கா,

வருவேன்.

நான் வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஜோப் பெர்ரிஸைக் கொன்றுவிட்டு ஓடியவன் ரூபன் என்று ஊர் முடிவு கட்டிவிடும். லெட்டி அப்பா அவளைக் கசாப்புக்காரன் மகனுக்குக் கொடுத்துவிடுவார். நான் மட்டும் இந்த ஊரில் ஆட்டிறைச்சி தின்றுகொண்டு குடம் கடைந்துகொண்டு கிடப்பேன், அவன் பெட்டி காலியாகக் காத்துக்கொண்டிருக்கும். எத்தனை வருஷம்? ஒவ்வொரு தடவை கதவு தட்டப்படும்போதும் நான் துள்ளிக்கொண்டிருக்கவா?

வெறுங்கையோடு வர மாட்டேன். துறைமுகத்தில் ஒரு மாலுமி விற்றான், வாங்கியிருக்கிறேன். கழிவுக் கால்வாய்ப் பக்கம் போய் இரண்டு நாள் சுட்டுப் பழகினேன். நான் முதலில் கை வைக்க மாட்டேன் அக்கா, செத்த அப்பா மேல் ஆணை. பேசினால் பேசுவேன். ஆனால் அவன் பேசாமல் கிட்டே வந்தால் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன்.

இதை நீ அவனிடம் சொல்லாதே. சனிக்கிழமை வருகிறேன், அதை மட்டும் சொல்.

ரூபன்

நெதர் ஹோல்ட்
செப்டம்பர் 5, வியாழன்

என் கண்ணே ரூபன்,

நீ வாங்கியதைக் கடலில் எறி. இந்த வரியைப் படித்ததும் எழுந்து போய் எறிந்துவிட்டு வந்து மீதியைப் படி.

நாம் இரண்டு பேரும் பாவிகள். நான் பெரிய பாவி, ஒரே வீட்டில் இருந்துகொண்டு கண்ணிருந்தும் பார்க்காதவள்.

செவ்வாய்க்கிழமை அண்ணன் பட்டறையில் மயங்கி விழுந்தார். டாக்டரை மெல்பரியிலிருந்து கூட்டிவந்தோம். அவர் என்னைத் தனியே அழைத்து, "தொண்டையில கட்டி இருக்கும்மா. ஏப்ரல்லயே என்கிட்ட வந்து காட்டினாரே, உங்ககிட்ட சொல்லலையா? கிறிஸ்துமஸ் தாண்டாதுன்னு அப்பவே சொல்லிட்டேனே" என்றார். ரொட்டியைத் தள்ளி வைத்தது ஆத்திரத்தில் இல்லையடா, விழுங்க முடியாமல். இப்போது குரல் முழுக்கப் போய்விட்டது. ஒரு சத்தம் வருவதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சிலேட்டு வாங்கி வந்தேன், அதில்தான் எழுதிக் காட்டுகிறார். கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

தேன்கூடையைப் பற்றிக் கேட்டேன். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன். "தேனீகிட்ட வீட்டு ஆம்பளைதான் சொல்லணும். நான் போற அன்னிக்கு ஆம்பளை யாரு இருப்பா? சின்னவன் வரலேன்னா? சொல்ல ஆளில்லாம கூடை ஆறும் செத்துப்போனா நீ எதை வித்துச் சாப்பிடுவே? அதான் என் சாவை நானே சொல்லிட்டேன்." இதைப் படித்ததும் நான் சத்தம் போட்டு அழுதுவிட்டேன். பெட்டியைக் கேட்டேன். "பக்கத்து ஊர்க்காரன் பைன் பலகையில ஆணியடிச்ச டப்பாவுல நான் படுக்கணுமா?" என்று எழுதிச் சிரித்தார். சத்தமில்லாமல் சிரித்தார்.

நம் ஊர் ஆண் ஒருவன் தேனீயிடம் பொய் சொல்ல மாட்டான் என்று நானே உனக்கு எழுதினேன். தன் சாவையே அவன் சொல்லலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

உன்னை ஊருக்கு வெளியே தனியாகப் பிடிக்க வேண்டும் என்றது எதற்குத் தெரியுமா? ஊரார் கண்ணெதிரே உன்னை அறைந்தவர், ஊரார் கண்ணெதிரே உன்னிடம் மன்னிப்புக் கேட்க வெட்கம். "பட்டறை அவனுக்கு. சக்கரத்துல யார் தப்புன்னு இனி பேச வேண்டாம். நான் சொன்ன அந்த வார்த்தையை அவன் மறந்துடணும்." இதுதான் நேற்று சிலேட்டில் இருந்தது. ஒருவர் உடம்பு இப்படி இருக்கும்போது மேட்டுக்குப் போகாதே என்றால் கேட்கிறாரா? இரண்டு நாளாகக் காலையில் தடியை ஊன்றிக்கொண்டு வேலி கேட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார். சனிக்கிழமைதானே வருகிறான் என்றேன். "சின்ன வயசுலேருந்தே சொன்ன நாளுக்கு முந்தி வர்றவன்" என்று எழுதினார்.

இன்று தபாலை எடுத்துப்போகும் சுமை வண்டி போய்விட்டது. நாளை காலை முதல் வேலையாக இதைத் தபாலில் சேர்க்கச் சொல்கிறேன், சனிக்கிழமை நீ கிளம்புமுன் உன் கையில் இருக்கும். ஓடி வா. லெட்டிக்குச் சொல்லிவிட்டேன். கோழி ஒன்று அடித்து வைக்கிறேன்.

உன் அக்கா

காவல் நிலையம், மெல்பரி
செப்டம்பர் 7

அக்கா,

காகிதம் கொடுத்திருக்கிறார்கள். கான்ஸ்டபிள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், நல்ல மனிதர். உன்னைப் பார்க்க விடுவார்களா என்று தெரியவில்லை. நீ வருவாயா என்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை என்று ஊரெல்லாம் தெரிந்திருக்கும் என்றுதான் வியாழக்கிழமை இரவே கிளம்பி வெள்ளி விடியலில் ஸ்டேஷனில் இறங்கினேன். மேட்டின் மேல் பனி, பத்தடிக்கு அப்பால் முகம் தெரியவில்லை. கேட்டருகே யாரோ நின்றார்கள். நம் வீட்டு உயரம். "யாரது?" என்றேன். பதிலில்லை. "அண்ணனா? அங்கேயே நில்லு. என்ன வேணும், சொல்லு" என்றேன். நிற்கவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்து நடந்து வந்தார். "பேசு! பேசலேன்னா சுட்டுடுவேன்!" என்று கத்தினேன். என் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டிருக்கும் அக்கா, ஆடுகள் எல்லாம் கலைந்து ஓடின. அவர் வேகமாக வந்தார். வந்துகொண்டே கோட்டுக்குள் கையை விட்டு, கறுப்பாக எதையோ உருவி என் முகத்துக்கு நேரே தூக்கினார்.

சுட்டேன்.

இடையன் வந்தபோது உயிர் போயிருந்தது, அதுவரை என் மடியில்தான் தலை வைத்திருந்தார். எவ்வளவு இலேசாகிவிட்டார் அக்கா, உடம்பில் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார். வாயைத் திறந்து திறந்து மூடினார். என்னையே பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

கையிலிருந்தது ஒரு சிலேட்டு. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்குமே, அது. விழுந்ததில் உடைந்துவிட்டது. ஏதோ எழுதியிருந்தது, நான் துண்டுகளைப் பொறுக்கும்போது என் கைபட்டு அழிந்துவிட்டது. அந்த வயதில் அவருக்குச் சிலேட்டு எதற்கு? கான்ஸ்டபிளுக்கும் விளங்கவில்லை.

நான் மூன்று தரம் கேட்டேன். கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். "ரூபா" என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டிருந்தால் அந்தக் குரலுக்கு என் கை தானாகத் தாழ்ந்திருக்கும், சின்ன வயதிலிருந்து எத்தனை தரம் தாழ்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டேன், இது ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. அண்ணன் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை? உனக்குத் தெரிந்தால் எழுது.

ரூபன்